கால் ஊன்றக் கூடாத நீர்

ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு நீரைப் பற்றி இன்னொருவர் பாடம் எடுக்க வேண்டுமா என்ற இளக்காரம் எனக்கு நெடுநாள் இருந்தது. விக்கிரமசிங்கபுரம் என் ஊர். பாபநாசம் கோயில் படித்துறைக்கு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம். நடக்கத் தொடங்கிய மறுவருடமே நான் நீந்தத் தொடங்கிவிட்டதாக அம்மா சொல்வாள். ஆகவே 2008இல், முப்பத்தேழு வயதில், அட்லாண்டாவில் அலுவலக நண்பர் ஒருவர் வற்புறுத்தி என்னைக் கயாக் வகுப்பில் சேர்த்துவிட்டபோது, துடுப்புப் போடத்தான் கற்றுக்கொள்ளப் போகிறேன், நீரைப் பற்றிக் கற்றுக்கொள்ள ஏதுமில்லை என்றே நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு எவ்வளவு பழைய தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

வட கரோலினா மாநிலத்தின் மேற்குக் கோடியில், மலைகளுக்கு நடுவே ஓடுகிறது நாண்டஹாலா ஆறு. அட்லாண்டாவிலிருந்து காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். செரோக்கி மக்களின் மொழியில் அந்தப் பெயருக்கு நண்பகல் சூரியனின் நிலம் என்று பொருள் சொல்கிறார்கள். பள்ளத்தாக்கு அத்தனை குறுகலானது. உச்சிப்பொழுதில்தான் வெயில் அடிவரை இறங்கும். ஒரு கரையோரமாகத் தார்ச்சாலையும் மறு கரையோரமாக ரயில் பாதையும் ஆற்றை ஒட்டியே வளைந்து செல்கின்றன.

படகோட்டிகள் விரும்பும் பகுதி மின்நிலையத்திற்குக் கீழே தொடங்கி வெஸ்ஸர் என்ற இடத்தில் முடிகிறது. எட்டு மைல், சுமார் 13 கிலோமீட்டர். மேலே மலையில் இருப்பது 1942இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. போர்க்காலத்தில் அலுமினியம் தயாரிக்க மின்சாரம் தேவைப்பட்டதால் எழுந்த அணை அது. ஏரியின் ஆழத்திலிருந்து மலைக்குள் குழாய் வழியே இறங்கி, மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர் என்பதால், ஜூலை மாதத்திலும் பத்து டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். கோடைக் காலைகளில் ஆற்றின் மேல் பனிமூட்டம் படர்ந்து கிடக்கும். கரையில் நிற்பவனுக்கு வியர்க்கும். கையை நீரில் வைத்தால் எலும்பு வலிக்கும். மின்நிலையம் நீரைத் திறந்துவிட்டால் அது ஆறு. மூடிவிட்டால் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் ஓடை.

இதைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் தாமிரபரணியும் மின்நிலையத்தின் சொல்கேட்டு ஓடுகிற ஆறுதான். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. 'தண்ணி தொறந்துட்டான்' என்று யாராவது குரல் கொடுத்தால், துவைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் துணிகளை இரண்டு படி மேலே தூக்கி வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார்கள். பூமியின் அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக, ஏறத்தாழ ஒரே காலத்தில் கடிவாளம் போடப்பட்ட இரண்டு மலையாறுகள்.

நுரைத்து ஓடும் ஆறுகளின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்று என்பது சிற்றலை. ஆறு என்பது உயிரைப் பணயம் வைக்கத் துணிந்தவர்களுக்கு. நாண்டஹாலாவின் பெரும்பகுதி இரண்டாம் தரம். கடைசியில் ஒரே ஓர் இடம் மட்டும் மூன்று. நடுத்தரமான ஆறு, கற்றுக்கொள்ள ஏற்றது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் நண்பர்.

*

எங்களுக்குக் கற்பித்தவர் அறுபதைக் கடந்த பெண்மணி. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வெயிலில் சுருங்கிய முகம், ஒல்லியான கைகள். முதல் நாள் அவர் எங்களை நீரில் இறக்கவே இல்லை. புல்தரையில் எட்டுப் பேரையும் மல்லாந்து படுக்கச் சொன்னார். கால்விரல்களைக் கண்ணால் பார்க்கும் உயரத்திற்குத் தூக்கச் சொன்னார். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிந்து புல்லில் கிடந்தபடி காலை உயர்த்திக்கொண்டிருந்த எங்களைச் சாலையில் போனவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"படகிலிருந்து விழுந்துவிட்டால் நீங்கள் இருக்க வேண்டிய நிலை இதுதான்" என்றார். "மல்லாந்து, கால்கள் முன்னே, பாதங்கள் நீரின் மேல்மட்டத்தில். பாறை வந்தால் பாதம் தாங்கும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். எழுந்து நிற்க முயலாதீர்கள். நீர் நகர்ந்துகொண்டிருக்கும்வரை காலை ஊன்றவே கூடாது."

எனக்குள் இருந்த ஆற்றங்கரைக்காரன் விழித்துக்கொண்டான். "இடுப்பளவு நீரில்கூடவா?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் சிரிப்பும் இருந்திருக்க வேண்டும்.

"இடுப்பளவு நீரில்தான்" என்றார் அவர். "ஆழத்தில் உங்கள் கால் எங்கே தரையை எட்டப்போகிறது?"

பிறகு விளக்கினார். மலையாற்றின் அடித்தளம் உருண்டைக் கற்களும் பாறைப் பிளவுகளும் நிறைந்தது. நீர் இழுத்துச் செல்லும்போது ஒருவன் காலை ஊன்றினால் பாதம் இரண்டு கற்களுக்கிடையே போய்ச் சொருகிக்கொள்ளலாம். அவன் நின்றுவிடுவான், நீர் நிற்காது. பின்னாலிருந்து முதுகில் தள்ளிக்கொண்டே இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். பாதம் அகப்பட்டிருக்க, உடல் முன்பக்கமாக மடங்கும். முகம் நீருக்குள் போகும். எத்தனை பலசாலியானாலும் அந்த விசையை எதிர்த்து முதுகை நிமிர்த்த முடியாது. நீந்தத் தெரிந்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை.

அவர் எழுந்து நின்று, தன் உடம்பாலேயே அதைச் செய்து காட்டினார். ஒரு கணம் நேராக நின்றார். பிறகு இடுப்பிலிருந்து மெல்ல முன்னோக்கிக் குனிந்தார்.

அந்தக் குனிதலை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

*

1983, ஆடி மாதம். மேற்கே சாரல் பிடித்து ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. அத்தையின் மூத்த மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தார், பத்தொன்பது வயது. எனக்குப் பன்னிரண்டு. விடுமுறை நாட்களில் அத்தான் குளிக்கப் போனால் அவருடைய சைக்கிளின் பின்னால் நான் இருப்பேன். எனக்கு மல்லாக்க நீந்தக் கற்றுக்கொடுத்தது அவர்தான். கசத்தில் முங்கி அடியிலிருந்து கூழாங்கல் எடுத்துவருவார். அவ்வளவு நல்ல நீச்சல்காரர்.

அன்று படித்துறைக்குச் சற்றுக் கீழே பாறை விட்டுப் பாறை தாவிக்கொண்டிருந்தவர் பாசியில் வழுக்கி விழுந்தார். அதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. நாங்கள் தினமும் விழுவதுதான். நீர் அவரைப் பத்தடி இழுத்துச் சென்றது. சிரித்துக்கொண்டுதான் போனார். அந்த இடம் ஆழமில்லை என்பது எனக்குத் தெரியும். கரையில் நின்று நான் கத்தினேன்: "கால ஊனுங்க அத்தான்! கால ஊனுங்க!"

அவர் என் பக்கம் திரும்பினார். காலை ஊன்றினார். இடுப்பளவு நீரில் நிமிர்ந்து நின்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. பிறகு, எதிரில் இருக்கும் யாரையோ வணங்குவதுபோல முன்னோக்கிக் குனிந்தார். அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு நேரம் மூச்சடக்கக்கூடியவர்தான் அவர்.

நான் மறுபடி கத்தத் தொடங்கி, துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, நான்கைந்து ஆண்கள் கைகோத்து இறங்கி அவரைக் கரை சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கால் கல்லிடுக்கில் இருந்தது, இழுத்துத்தான் எடுத்தோம் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீந்தத் தெரிந்தவன் இடுப்பளவு தண்ணீரில் எப்படிச் சாவான்? வலிப்பு வந்திருக்கும் என்றார்கள். நரம்பு இழுத்திருக்கும் என்றார்கள். ஆடியில் ஆறு ஓர் உயிர் கேட்கும் என்று பெரியவர்கள் முடித்து வைத்தார்கள். எதையாவது ஒன்றை நம்பினால்தான் மறுநாள் அதே ஆற்றில் போய்க் குளிக்க முடியும். அந்த ஊரில் ஆற்றைத் தவிர்த்துவிட்டு வாழ இயலாது.

நான் என்ன கத்தினேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை, இருபத்தைந்து வருடங்கள் கழித்து வட கரோலினாவில் ஒரு புல்தரையில் மல்லாந்து கிடக்கும்வரை.

*

வகுப்பை விட்டுவிடலாமா என்று அன்று இரவு யோசித்தேன். விடவில்லை. காரணம் தைரியமல்ல. அத்தான் இறந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது கற்களையும் நீரின் விசையையும் பற்றியது, அதை ஒருவர் எழுந்து நின்று செய்துகாட்ட முடிகிறது என்ற செய்தி என்னை அந்த ஆற்றோடு கட்டிப்போட்டுவிட்டது. அவர் மேற்கொண்டு என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டியிருந்தது.

அவர் சொன்னதெல்லாம் உடம்பு சொல்வதற்கு நேர்மாறாக இருந்தது. படகு பக்கவாட்டில் பாறையின் மேல் மோதப்போகிறதா? உடம்பு பாறையிடமிருந்து விலகிச் சாய்கிறது. அப்படிச் சாய்ந்தால் நீர் வரும் பக்கத்து விளிம்பு தாழும், நீர் அதன் மேல் ஏறி ஒரே மூச்சில் கவிழ்த்துவிடும். ஆகவே பாறையை நோக்கிச் சாய வேண்டும், நெடுநாள் பிரிந்த நண்பனைத் தழுவிக்கொள்வதுபோல. கவிழ்ந்துவிட்டால் முதலில் தலையை நீருக்கு வெளியே தூக்கத் துடிக்கிறோம். தலை கனமானது, அதை முதலில் தூக்கினால் படகு நிமிராது. இடுப்பால் படகை நிமிர்த்திய பிறகு, கடைசியாகத்தான் தலை வர வேண்டும். கரையிலிருந்து ஆற்றின் குறுக்கே சாய்ந்து கிடக்கும் மரமோ இன்னும் மோசம். நீர் அதன் கிளைகளுக்கிடையே வடிந்து போய்விடும், மனிதனை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை நோக்கி இழுக்கப்பட்டுத் தப்ப வழியில்லை என்றான பின், மல்லாந்து கிடக்கும் விதியே மாறிவிடுகிறது. குப்புறத் திரும்பி, தலை முன்னே இருக்க, முழு வேகத்தில் அதை நோக்கியே நீந்தி மேலே ஏறிவிட வேண்டும்.

பாறைகளைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். பாறையின் பின்பக்கத்தில் நீர் திரும்பி, மேல்நோக்கி மெல்ல வரும். ஆறு பாய்ந்துகொண்டிருக்க, அங்கே மட்டும் ஓர் அமைதித் திட்டு. அதற்குப் பெயர் எடி. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளை ஏட்டி என்று விளிப்பது நினைவுக்கு வந்து முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் கயாக் ஓட்டுவதில் பாதி வித்தை அதில்தான் இருக்கிறது. ஓட்டத்திலிருந்து விலகி எடிக்குள் நுழைந்து, மூச்சு வாங்கி, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து, மறுபடி ஓட்டத்தில் சேர வேண்டும். ஆற்றில் நாம் எந்தப் பாறைக்கு அஞ்சுகிறோமோ அதன் முதுகுக்குப் பின்னால்தான் தங்குமிடம் இருக்கிறது.

புறநானூற்றின் 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் உயிரின் போக்குக்கு உவமையாகச் சொல்லும் புணையை அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். அந்த மிதவை செல்வது சமவெளி ஆற்றில் அல்ல, கல்லில் மோதி முழங்கும் ஆற்றில் என்பதைக் கல்லூரியில் படித்தபோது நான் கவனித்திருக்கவில்லை. நீரின் வேகத்திலேயே போகும் மிதவையைத் திருப்ப முடியாது என்பது அனுபவத்தில் புரிந்தது. திருப்ப வேண்டுமானால் நீரைவிட வேகமாகவோ மெதுவாகவோ போக வேண்டும். அந்தச் சிறு வேறுபாடு மட்டுமே துடுப்புப் போடுகிறவன் கையில் இருக்கிறது. மற்றதெல்லாம் ஆற்றினுடையது. கவிஞரோடு எனக்கு வழக்கில்லை. அவரும் துடுப்பு என்ற ஒன்று இல்லை என்று எங்கும் சொல்லவில்லை.

*

அந்த வருடம் செப்டம்பரில் முழு எட்டு மைலையும் இறங்கினேன். தொடங்கிய சில நிமிடங்களிலேயே பாட்டன்ஸ் ரன் என்ற வளைவு வந்துவிடுகிறது. அங்கே நுரை முகத்தில் அறைந்தது, கவிழவில்லை. பிறகு மூன்று மணி நேரம் எடி விட்டு எடி தாவிக்கொண்டு, நடுவில் சாப்பிட்டுக்கொண்டு, ரயிலுக்குக் கையசைத்துக்கொண்டு இறங்கினோம். கடைசியில் இருப்பதுதான் அந்த மூன்றாம் தர இடம், நாண்டஹாலா அருவி. அருவி என்றதும் குற்றாலத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். இரண்டு படிகளாக இறங்கும், மொத்தம் ஓர் ஆள் உயரம் இருக்கும். ஆனால் படிகளின் அடியில் நீர் சுருண்டு தன்மீதே விழுந்துகொண்டிருக்கும். இன்னும் கீழே போனால் வெஸ்ஸர் அருவி. தேர்ந்தவர்களும் தயங்கும் இடம். அதற்கு முன்பே கரையேறிவிட வேண்டும்.

மேலே படகுகளை நிறுத்திவிட்டுச் சாலையோரமாக நடந்து வந்து அதைப் பார்த்தோம். வழி தெளிவாகத் தெரிந்தது. படகில் உட்கார்ந்ததும் அந்தத் தெளிவு போய்விட்டது. முதல் படியை ஒழுங்காகக் கடந்தேன். இரண்டாவதில் துடுப்பு காற்றில் வீச, சுருண்ட நீர் பக்கவாட்டில் பிடித்துக் கவிழ்த்துவிட்டது. தலைகீழாக, இருட்டில், குளிர் காதுக்குள் புகுந்தது. நிமிர முயன்றேன், தலையைத்தான் முதலில் தூக்கினேன். மறுபடியும் முயன்றேன், மறுபடியும் தலை. படகோடு இடுப்பைப் பிணைத்திருந்த ரப்பர் மறைப்பின் வாரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மேலே வந்ததும் மூச்சு வரவில்லை. குளிர் நெஞ்சைக் கவ்விக்கொண்டிருந்தது. கரை மிக அருகில் இருந்தது. என் கட்டைவிரல் ஒரு கல்லைத் தொட்டது, பிறகு இன்னொன்றை. ஆழமில்லை. நின்றால் இடுப்பளவுதான் இருக்கும். இரண்டு கால்களும் தாமாகவே கீழே இறங்கின. அந்தக் கணத்தில் எனக்குக் கேட்டது ஆசிரியையின் குரல் அல்ல. பன்னிரண்டு வயதுப் பையனின் கீச்சுக்குரல், கால ஊனுங்க, கால ஊனுங்க என்று.

கால்களைத் தூக்கினேன். வயிற்றுத் தசை வலிக்க, கட்டைவிரல்கள் நீருக்கு மேலே தெரியும்வரை தூக்கினேன். வானம் தெரிந்தது. ஒரு பாறை பாதத்தில் இடித்து என்னைத் திருப்பிவிட்டது. கரையிலிருந்து யாரோ வீசிய கயிறு மார்பின் மேல் விழுந்தது. அதைப் பற்றிக்கொண்டு, நீர் அசையாத இடம் வந்து, முழங்கால் தரையில் உரசிய பிறகுதான் எழுந்து நின்றேன்.

ஆசிரியை துண்டு கொடுத்தார். "நன்றாக நீந்தினீர்கள்" என்றார். நான் அழுதுகொண்டிருந்ததைக் குளிரின் நடுக்கம் என்று நினைத்திருப்பார். அல்லது நினைக்காமலும் இருந்திருக்கலாம், பார்த்துப் பழகியவர்.

*

அதன்பின் நாண்டஹாலாவில் பலமுறை இறங்கியிருக்கிறேன். கவிழ்ந்தும் இருக்கிறேன். இடுப்பு முதலில், தலை கடைசியில் என்பது இப்போது ஓரளவு கைவந்துவிட்டது. ஆனால் ஊரில் இதைப் பற்றி எவரிடமும் பேசியதில்லை. நான் அன்று கத்தியதை அத்தையிடம் எப்படிச் சொல்வது?

2023இல் ஊருக்குப் போனபோது தம்பியின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாபநாசம் போனேன். பெரியவனுக்குப் பன்னிரண்டு, சின்னவனுக்கு ஒன்பது. அத்தையும் வருகிறேன் என்றாள். எண்பதைத் தாண்டிவிட்டாள், படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நீர் மிதமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டம் மெதுவான ஓரத்தில், நான் இடுப்பைத் தாங்கிக்கொள்ள, பிள்ளைகளை ஒவ்வொருவராக மல்லாந்து படுக்கச் சொல்லி, காலைத் தூக்கச் சொன்னேன். விழுந்துவிட்டால் எழுந்து நிற்கக் கூடாது, மிதந்தே போய் நீர் அசையாத இடத்தில்தான் நிற்க வேண்டும் என்றேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். "இடுப்பளவு தண்ணிக்கு இவ்வளவு பாடமா?" என்றார். ஏன் என்று அவரிடம் விளக்கினேன். கல், இடுக்கு, பாதம், முதுகில் தள்ளும் நீர். கையால் செய்தும் காட்டினேன். முழங்கை மடிந்து விரல்கள் முன்னோக்கிக் குனிவதை அத்தையும் பார்த்தாள். அதைச் செய்துமுடித்த பிறகுதான் அவள் அங்கே இருப்பது எனக்கு உறைத்தது.

கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ கத்துனேன்னு அன்னைக்கே சொன்னாங்க" என்றாள் பிறகு, ஆற்றைப் பார்த்தபடி. "நானா இருந்தாலும் அதத்தாம்ல கத்தியிருப்பேன்."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவளும் பதிலை எதிர்பார்க்கவில்லை. சின்னவன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏல, பெரியப்பா சொன்னத இன்னொருக்கா செய்யி. பாப்பம்."

அவன் மல்லாந்தான். இரண்டு கட்டைவிரல்களும் நீருக்கு மேலே வந்தன.